என்ஜின் சூடுன்னு சொன்ன சம்மந்திக்கு

சம்மந்தி,

இன்னிக்கி காலையில பஞ்சரு கடைய தொறக்கும்போதே பெயிண்டு வாட அடிச்சிது. மலை ரோடு திரும்புற எடத்துல, எங்கடைக்கு எதுர்க்க ஒரு பழைய சொவுரு இருக்குதே, அதுல ஒருத்தன் ஏணி போட்டு எழுதிக்கினு இருந்தான். மஞ்ச பெயிண்டு அடிச்சி, அதுமேல செகப்புல கொட்ட கொட்டையா. மூலம். பௌத்திரம். ஆபரேஷன் இல்லாம, வலி இல்லாம, ரத்தம் இல்லாம. கீழ ஒரு போன் நம்பரு. நான் ஆறாவது வரைக்கும் போனவன், எதையும் எழுத்து கூட்டிதான் படிப்பன். இத மட்டும் ஒரே மூச்சுல படிச்சிட்டன். அடி வயித்துலேர்ந்து கோவம் ஏறிச்சி பாரு, கையில இருந்த டயர் லிவர கீழ போட்டுட்டன்.

எழுதுறவன் மேல எனக்கு இன்னா கோவம்? அவன் கூலிக்கு எழுதுறான். டீ வாங்கி குடுத்து, ரத்தம்னு இருக்குற எழுத்த மட்டும் இன்னும் கொஞ்சம் பெருசா போடுப்பா, எங்க சம்மந்திக்கு கண்ணு தெரியாதுன்னு சொன்னன். அவரு எங்க இருக்காருன்னு கேட்டான். செத்துட்டாருன்னன். பாதி டீய வெச்சிட்டு ஏணி மேல ஏறிக்கினான்.

ஒம்மேலதான் கோவம். வருஷம் தாண்டிடுச்சி, இன்னும் எறங்கல. மத்தவங்களுக்கு செத்தவங்கள நெனச்சா கண்ணுல தண்ணி வருது. எனக்கு ஒன்ன நெனச்சா வாயில கெட்ட வார்த்த வருது. உசுரோட இருக்கும்போது வாய் தொறந்து திட்டவும் முடியல. சின்ன வயசுலேர்ந்து டேய் போட்டு பேசுனவங்க நாம. எம்பொண்ண ஒம்புள்ளைக்கு குடுத்த அன்னிக்கு, பந்தல்ல நிக்க வெச்சி, இனிமே ரெண்டு பேரும் வாங்க போங்கன்னுதான் பேசணும்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. நாலு பேரு எதுர்ல "சம்மந்தி, சாப்டீங்களா"ன்னு பவ்யமா கேப்ப. ஜனம் அந்தாண்ட போனதும், எத்தினி வடைய அமுக்குனடான்னு காதுகிட்ட வந்து கேப்ப. இந்த கடுதாசிக்கு எதுர்ல யாரும் இல்ல. அதனால நீ தான், நீங்க கெடையாது.

நீ மலைக்கு வேன் ஓட்டுனவன். ஆலங்காயத்துலேர்ந்து ஜனத்தையும் மளிகை சாமானையும் ஏத்திக்கினு ஜவ்வாது மலைமேல போவ. சாமை மூட்ட, புளி, பலாப்பழம்னு ஏத்திக்கினு எறங்குவ. பலாப்பழ சீசன்ல ஒன் வேனு எங்கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே வாசன வந்துடும். அது பழைய வேனு, என்ஜினு உள்ளார, ஒன் சீட்டுக்கு ஒட்டுனாப்புலயே. மலை ஏறி எறங்குனா அந்த மூடி மேல தோச ஊத்தலாம். மலை ரோட்டு டிரைவருங்களுக்கு எல்லாம் ஒரு நம்பிக்க. அந்த சூடு ஒடம்புல ஏறி ஏறி மூலம் வந்துடும், மூலம் வந்தா ரத்தம் போவும், மோரு குடிச்சி, சின்ன வெங்காயம் துன்னு, சனிக்கெழம எண்ணெ தேச்சி குளிச்சா அடங்கிடும். அதுக்கு போயி டாக்டருகிட்ட நிக்கிறவன் டிரைவரே இல்ல. மூலம் இல்லாதவன் ஹெவி லைசென்சுக்கு லாயக்கில்லன்னு நீதான் சொல்லுவ. நாங்க எல்லாம் சிரிப்போம். இன்னொண்ணு சொல்லுவ: "வண்டியும் வயிறும் சத்தம் போட்டா ஓடிக்கினு இருக்குதுன்னு அர்த்தம்."

ஓடிச்சி. எவ்ளோ தூரம் ஓடிச்சின்னுதான் பாத்தமே.

மொதல்ல வந்தது கல்லு. வாணியம்பாடியில பாய் கடையில பிரியாணி துன்னுட்டு வந்தா, வலது பக்கம் விலாவுக்கு கீழ இஸ்து புடிச்சிக்கும். தோள்பட்ட வரைக்கும் ஏறும். நீ வாயுன்ன. இஞ்சி சோடா குடிச்ச. ஒரு நாள் மலை ஏறும்போதே வேன ஓரங்கட்டி ஸ்டீரிங் மேல கவுந்துட்ட. உள்ளார இருந்த ஜனம் கத்தி கூச்சல் போட்டு, பின்னால வந்த லாரியில ஒன்ன கீழ எறக்குனாங்க. வேலூர்ல பெரிய ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்தா பித்தப்பை பூரா கல்லு. வயித்துல சின்ன சின்னதா ஓட்ட போட்டு, பையோட எடுத்துட்டாங்க. கல்ல மட்டும் ஒரு பாட்டில்ல போட்டு கையில குடுத்தாங்க.

வேற ஒருத்தனா இருந்தா அத தூக்கி கடாசியிருப்பான். நீ வேன் டேஷ்போர்டுல, முருகன் படத்துக்கு பக்கத்துல ஒட்டி வெச்ச. ஏறுறவங்க எல்லாருக்கும் காட்டுவ. மேல ஊருலேர்ந்து வந்த ஒரு அம்மா, ஏதோ சாமி கல்லுன்னு நெனச்சி பாட்டிலுக்கு குங்குமம் வெச்சிட்டு எறங்கி போயிடுச்சி. அத நீ கடைசி வரைக்கும் அழிக்கல. ரோடு காண்ட்ராக்டருகிட்ட குடுத்தா ஒரு குழியாவது மூடலாம்னு நான் கேட்டதுக்கு, ஒவ்வயித்துல கல்லு கூட மொளைக்கல, அந்த பொறாமடா ஒனக்குன்ன.

அதுக்கு அப்பால வயித்துல எது வந்தாலும் ஒரே பதிலு. கறி துன்னா கலக்குதா, பை இல்ல அதான். ரெண்டு நாளு வெளிக்கு போவலயா, பை இல்ல அதான். ஏப்பம் வந்தாலும் பை இல்ல. எடுத்து வீசுன பை மேல எல்லா பழியும் போட்ட. அது வந்து எதுத்து பேசவா போவுது? ரத்தம் வந்துச்சி பாரு, அத மட்டும் பை மேல போடல. அதுக்குதான் என்ஜின் சூடு ரெடியா இருந்துச்சே. ரெண்டு காரணத்த ரெண்டு பாக்கெட்டுல வெச்சிக்கினு திரிஞ்சவன், மூணாவதா ஒண்ணு இருக்குமோன்னு நெனச்சே பாக்கல.

இதெல்லாம் எனக்கு அப்பறம்தான் தெரியும். அப்ப தெரிஞ்சது இன்னான்னா, நீ திடீர்னு ஒன் துணிய நீயே தொவைக்க ஆரம்பிச்ச. விடிஞ்சும் விடியாம பம்புசெட்டுல நின்னுக்கினு காக்கி பேண்டு, லுங்கி எல்லாத்தையும் சோப்பு போட்டு கும்முவ. பொண்டாட்டிய வேல வாங்காத ஆம்பளன்னு ஊர்ல ஒன்ன மெச்சிக்கினாங்க. எங்க வூட்டுக்காரி ஒன்ன காட்டி காட்டி என்ன ஏசுனா. சம்மந்தியம்மா கண்ண உருட்டுனா எங்க சம்மந்தி பேண்டு தானா போயி சோப்புல வுழுதுன்னு நான் கடையில உக்காந்து கிண்டல் பண்ணன். எல்லாரோடயும் சேந்து நீயும் சிரிச்ச. அவ கையப் பாத்தா பாவமா கீதுன்ன. விடியக்காலத்துல ரத்தத்த அலசிட்டு வந்து, பத்து மணிக்கு அப்பிடி ஒரு சிரிப்பு. ஒரு மனுஷனுக்கு அது எங்கேர்ந்து வந்துது? அந்த சிரிப்ப நெனச்சாதான் எனக்கு பத்திக்கினு வருது.

மலைக்கு அந்தாண்ட ஏதோ ஊர்ல, இதே மாதிரி செகப்பு எழுத்து போட்ட ஒருத்தன்கிட்ட திருட்டுத்தனமா போயி வந்திருக்க. கைய வெச்சி கூட அவன் பாக்கலயாம். மாத்தர குடுத்தானாம், களிம்பு குடுத்தானாம், காரம் துன்னாதன்னானாம். அவன் மேல எனக்கு கோவம் இல்லன்னு சொல்ல மாட்டன், கையில கெடச்சா பம்பு ஓசால சாத்துவன். ஆனா யோசிச்சிப்பாரு, மூலம்னு சொல்லிக்கினே உள்ள போனவன் நீ. அவன் ஆமான்னான். அவ்ளோதான் அவன் பாத்த வைத்தியம்.

பேண்டு இடுப்புல நிக்கலன்னு பெல்ட்டுல புது ஓட்ட போட எங்கடைக்குதான் வந்த. வயசாவுது, கொஞ்சம் எளைச்சா நல்லதுதான்ன. அடுத்தது ஒரு ஓட்ட. அப்பறம் பெல்ட்டே ஒன்ன ரெண்டு சுத்து சுத்துற மாதிரி ஆயிடுச்சி. மொகம் சுண்ணாம்பு அடிச்சாப்புல வெளுத்துது. கடைசியில எங்கடை பெஞ்சுலேர்ந்து எழுந்தவன் அப்பிடியே சாஞ்ச. ஒம்புள்ளையும் நானும் வேலூருக்கு தூக்கிக்கினு ஓடுனோம்.

அங்க ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு, நெதானமான பேச்சு. எங்க ரெண்டு பேரையும் உக்கார வெச்சி சொன்னாங்க. பெருங்குடல்ல கேன்சரு, கல்லீரலுக்கும் போயிடுச்சி. ஒம்புள்ள சொவுத்தயே பாத்துக்கினு இருந்தான். நான்தான் கேட்டன். பைய எடுத்தாங்களே, அதனாலதான் இது வந்துதா, அப்பிடின்னா எடுத்தவன் எவன்னு கொஞ்சம் சத்தமாவே கேட்டுட்டன். அந்தம்மா கோச்சிக்கல. எனக்கு புரியற மாதிரி சொன்னாங்க. கொழுப்ப கரைக்க கல்லீரலு பித்தநீர சுரக்குதாம். பை இருந்தா ஏரி மாதிரி தேக்கி வெச்சி, துன்னும்போது மதகு தொறந்து வுடுமாம். பை இல்லன்னா எந்நேரமும் சொட்டு சொட்டா குடலுக்கு வடிஞ்சிக்கினே இருக்குமாம். குடல்ல கோடி கோடியா கிருமிங்க இருக்குதாம். எல்லாம் கெட்டது இல்லியாம், நம்ம கூழ புளிக்க வைக்குதே, அது மாதிரி நமக்கு வேல செய்யறதுங்கதானாம். அதுல சிலது அந்த பித்தநீர புடிச்சி வேற ஒண்ணா மாத்துதாம். மாறுனது குடலோட உள்தோல அரிச்சிக்கினே இருக்கலாமாம். அதனால கல்லு வந்தவங்களுக்கும் பை எடுத்தவங்களுக்கும் குடல் கேன்சரு வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடன்னு சில ஆராய்ச்சி சொல்லுதாம், அப்பிடி இல்லன்னும் சிலது சொல்லுதாம். முடிவா இன்னும் யாருக்கும் தெரியாதாம். ஒங்க சம்மந்திக்கு அதனாலதான் வந்துதுன்னு சொல்ல முடியாது, கல்லு அப்பிடி நோவு குடுத்தா பைய எடுத்துதான் ஆவணும், அத தப்புன்னு ஊர்ல போயி சொல்லிடாதீங்கன்னு கேட்டுக்கினாங்க.

அப்பறம் ஒண்ணு சொன்னாங்க. "எது உறுதியா தெரியலைன்னாலும் இது தெரியும் பெரியவரே. ரத்தம் வந்தப்பவே உள்ள கேமரா விட்டுப் பாத்திருந்தா, இன்னிக்கி நாம வேற பேச்சு பேசிட்டு இருப்போம்."

ஒம்புள்ள பக்கம் திரும்பி, அப்பாவுக்கு வந்திருக்கு, நீங்களும் நாப்பத தாண்டிட்டீங்க, கண்டிப்பா அந்த டெஸ்ட்டு எடுக்கணும்னாங்க. அவன் தலைய ஆட்டுனான். வேன் டேஷ்போர்டுல வெச்சி ஆட்டுவாங்களே பொம்ம, அது மாதிரி.

வார்டுல ஒன் பக்கத்துல வந்து உக்காந்தன். சூடுன்னு நெனச்சன்டான்ன. கல்யாணத்துக்கு அப்பறம் ஜனம் இருக்கும்போது நீ என்ன டேய்னு சொன்னது அன்னிக்கிதான். எங்கிட்ட சொல்லித்தொலைக்கிறதுக்கு இன்னாடா கேடுன்னு கேட்டன். அதுக்கு நீ சொன்ன பதில என்னால இன்னிக்கி வரைக்கும் செரிக்க முடியல.

"பொண்ணு குடுத்த எடத்துல போயி இதெல்லாம் எப்பிடி சொல்றது?"

அட பாவி. வயசு பசங்களா இருக்கும்போது காலையில சொம்ப எடுத்துக்கினு ஏரிக்கரைக்கு ஒண்ணா போனவங்க. பக்கத்து பக்கத்து புதர்ல குந்திக்கினு, எந்த புள்ள யார பாத்து சிரிச்சான்னு கத பேசுனவங்க. உள்ள போறது, வெளிய வர்றது எல்லாத்தையும் ஒருத்தனுக்கு ஒருத்தன் சொன்னவங்க. நடுவுல நான் ஒரு பொண்ண பெத்து ஒன் வூட்டுக்கு அனுப்புனன். அதுக்கா இந்த மரியாத? அந்த மரியாதைய எந்த தட்டுல வெச்சி யாருக்கு நீட்டுன? எனக்கு வேணாம் அது. நீ என்ன நாயே பேயேன்னு கூப்ட்டு, ரத்தம் வருதுடான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். கழுத்துல துண்ட போட்டு இஸ்துக்கினு போயிருப்பன்.

ஆடி முடியறதுக்குள்ள நீ போயிட்ட. மால போட்ட போட்டோவுல இன்னாமா சிரிக்கிற. அந்த சிரிப்பும் எனக்கு புடிக்கல.

அப்பால ஒம்புள்ள வேன ஓட்ட ஆரம்பிச்சான். கேமரா டெஸ்ட்டு இன்னா ஆச்சி மாப்ளன்னு ஜாடமாடையா கேட்டா, சீசன் முடியட்டும் மாமாம்பான். வேற எதுக்கோ ஸ்கேன் எடுத்ததுல அவனுக்கும் பித்தப்பையில கல்லு இருக்குதுன்னு வந்துது. நோவு இல்லன்னா அது பாட்டுக்கு இருக்கட்டும்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க. அவன் அதையே புடிச்சிக்கினான். கல்லுதான், எனக்கு ஒண்ணும் இல்லன்னு ஊரெல்லாம் சொன்னான். பின்னால ஓசு வுட்டு பாக்க எவன் போயி படுப்பான்னு எம்பொண்ணுகிட்ட சிரிச்சானாம். ஒன் ரத்தமாச்சே, சிரிப்புக்கு இன்னா கொறச்சலு.

எம்பொண்ணு ஒரு நாள் போன் பண்ணா. இந்த வருஷம் பலாப்பழம் நல்லா வெல போவுது, அது இதுன்னு பேசிட்டு, போன வைக்கப்போற நேரத்துல சொன்னா: "அப்பா, அவரு துணிய அவரே தொவைக்கிறாருப்பா."

எனக்கு ஒன் பம்புசெட்டுதான் ஞாபகம் வந்துது.

நான் என்ன பண்ண முடியும் சொல்லு. மாமனாரு மருமவன்கிட்ட பேசறதுக்குன்னு நம்ம ஜாதி ஜனத்துல ஒரு அளவு வெச்சிக்கிறாங்க. சாப்டீங்களா மாப்ள. வண்டி நல்லா ஓடுதா மாப்ள. மழ வருமா மாப்ள. அதுக்கு மேல ஒரு அடி எடுத்து வெச்சா மருவாத கெட்டுப்போவுமாம். அவனும் எதுர்ல வந்தா மடிச்சி கட்டுன லுங்கிய எறக்கி வுட்டுட்டுதான் நிப்பான். தனியா கூப்ட்டு ரெண்டு வாட்டி ஆரம்பிச்சி பாத்தன். பேச்ச மழைக்கு மாத்திட்டான்.

ஒனக்கு தெவசம் வந்துது. பங்காளிங்க, மாமன் மச்சான் எல்லாம் வரிசையா எல போட்டு உக்காந்துட்டாங்க. எனக்கு நேரா எதுத்த எலையில ஒம்புள்ள. சாம்பாரு வந்துக்கினு இருக்குது. நான் தொண்டைய கனைச்சிக்கினு, பஸ் ஸ்டாண்டுல கூவுற கொரல்ல கேட்டன்.

"மாப்ள, வெளிக்கு போறப்ப ரத்தம் வருதா?"

சாம்பாரு வாளி அந்தரத்துல நின்னுடுச்சி. ஒருத்தருக்கு பொறை ஏறிச்சி. ஒன் பெரியப்பா மவன், வயசுக்கேத்த பேச்சாய்யா இது, சாப்புடற எடத்துலன்னு மொறைச்சாரு. சாப்புடறதுதான் வெளிய போவுது, வேற எங்க போயி கேக்கறதுன்னன். ஒம்புள்ள மொகம் கறுத்துப்போச்சி. மாமா, நல்ல நாளும் அதுவுமான்னு மெதுவா சொன்னான். எனக்கு அதுவரைக்கும் அடக்கி வெச்சது எல்லாம் அப்பதான் ஒடைஞ்சிது. நல்ல நாளா, ஒங்கப்பன் செத்த நாளுடா இது, டீசண்டா இருந்து செத்தவன், மால போட்டு மாட்டியிருக்கோம் பாருன்னு கத்திட்டன். கதவுக்கு பின்னால எம்பொண்ணு முந்தானைய வாயில வெச்சிக்கினு நின்னுக்கினு இருந்தா.

அப்பதான் சம்மந்தியம்மா சோத்து குண்டானோட வந்தாங்க. பந்தியில நாலு பேரு எதுர்ல சத்தமா பேசி நான் பாத்ததே இல்ல அவங்கள. மவனுக்கு எதுர்ல வந்து நின்னாங்க.

"கேக்கறாரு இல்ல, சொல்லுடா. ஒங்கப்பன் எங்கிட்ட சொல்லவே இல்ல."

அவன் எலைய பாத்துக்கினே இருந்தான். அப்பறம் வருதுன்னான். தை மாசத்துலேர்ந்துன்னான். அந்தம்மா குண்டான கீழ வெச்சிட்டு அங்கியே தரையில உக்காந்துட்டாங்க. ஒன் தெவச சோறு அன்னிக்கி பாதி பேருக்கு எறங்கல. எனக்கு எறங்கிச்சி. வடையும் துன்னன்.

மறுநாளே கூட்டிக்கினு போனன். கேமராவுக்கு முன்னாடி குடல கழுவ ஒரு மருந்து குடுக்கறாங்க சம்மந்தி, லிட்டரு கணக்குல. அத குடிச்சிட்டு ஒம்புள்ள ஓடுனான் பாரு ஓட்டம், ஒன் வேனு எந்த எறக்கத்துலயும் அப்பிடி ஓடல. சிரிப்ப அடக்க நான் வராந்தாவுக்கு போயிட்டன். டெஸ்ட்டுக்கு உள்ள கூட்டிக்கினு போனப்ப சிரிப்பு வரல. பெஞ்சுல உக்காந்துக்கினு ஒன்ன திட்டிக்கினே இருந்தன். பக்கத்துல இருந்த ஆளு தள்ளி உக்காந்துட்டாரு.

அதே டாக்டரம்மாதான் வெளிய வந்தாங்க. குடல்ல மரு மாதிரி ரெண்டு இருந்துதாம். பாத்த கையோட வெட்டி எடுத்துட்டாங்களாம். பரிசோதனைக்கு அனுப்பி, அடுத்த வாரம் சொன்னாங்க. கேன்சரு இல்ல. அப்பிடியே வுட்டிருந்தா வருஷம் போவப்போவ அதுவா மாறுற ஜாதி. கூப்புடும்போது திரும்ப வந்து பாத்துக்கணும், அவ்ளோதான். அவ்ளோதான் சம்மந்தி. டெஸ்ட்டு அன்னிக்கே மயக்கம் தெளிஞ்சி எழுந்து இட்லி துன்னான். ஒனக்கும் ஒரு காலத்துல இவ்ளோதான் இருந்திருக்கும். தம்மாத்தூண்டு மருவு. அந்த நெனப்பு வந்ததும் வராந்தா சொவுத்துல ஓங்கி குத்திட்டன். கை வீங்கிடுச்சி. பஞ்சரு ஒட்ட முடியாம கடைய சாத்தி வெச்சன்.

ஒம்புள்ள ரொம்ப நாளு எங்கூட பேசல. பஸ்ல வரும்போதே வேற சீட்டுல உக்காந்தான். பந்தியில மானத்த வாங்கிட்டாருன்னு எம்பொண்ணுகிட்ட பொலம்பிக்கினு இருந்தானாம். பொலம்பட்டும், பொலம்பறதுக்கு ஆளு இருக்குதே. அப்பறம் ஒரு நாள் காலையில போன் அடிச்சிது. நாஸ்தா துன்னுக்கினு இருந்தன். மாமா, இன்னிக்கி சுத்தமா போச்சி, ஒண்ணும் இல்லன்னான். சந்தோசம் மாப்ளன்னன். அதுலேர்ந்து புடிச்சிக்கினான். கலரு, கட்டி, தண்ணின்னு எல்லா வெவரமும், சரியா நான் இட்லிய சட்னியில தொடற நேரமா பாத்து. பழி வாங்கறான்னு தெரியுது. வாங்கட்டும்.

எல்லாரும் எங்கிட்ட கோவத்த வுடுன்னு சொல்றாங்க. செத்தவன் மேல எதுக்குன்றாங்க. நான் வுட மாட்டன். அது இருக்கறதாலதான் கூச்சம் என்கிட்ட வராம தூரமா நிக்குது. காத்து புடிக்க வர்ற டிரைவருங்க எல்லார்கிட்டயும் இப்ப கேட்டுடறன். ரத்தம் வருதா? வந்தா மூலம்னு நீயா முடிவு பண்ணாத, மூலமாவே இருந்தாலும் டாக்டரு சொல்லட்டும். கெழவனுக்கு கொழுப்புன்னு சிரிக்கிறவன் சிரிக்கிறான். ஒருத்தன் அடிக்க வந்தான். கடைக்கே வராம கூட கொஞ்சம் பேரு நின்னுட்டாங்க.

நேத்து மத்தியானம் ஒரு லாரிக்காரன், மலைலேர்ந்து புளி ஏத்திக்கினு எறங்குனவன். பின் டயருக்கு காத்து புடிச்சிக்கினே கேட்டன். வேற வேல இல்லியா பெருசுன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்தான். கொஞ்ச தூரம் போயி, அந்த புளியமரத்துக்கிட்ட வண்டி நின்னுது. இன்டிகேட்டரு போட்டுக்கினு அப்பிடியே நின்னுக்கினு இருந்துது. அப்பறம் கதவ தொறந்து எறங்கி, துண்டால மொகத்த தொடச்சிக்கினே நடந்து வந்தான். கடையில வேற நாலு பேரு இருந்தாங்க. அண்ணே, கொஞ்சம் தனியா பேசணும்னான்.

பெஞ்சுல இருந்த டியூப எல்லாம் தள்ளிட்டு எடம் பண்ணி குடுத்தன்.

"தனியா இன்னாத்துக்குடா? இங்கியே சொல்லு."